அசையாததெல்லாம் நிலம்

எங்கள் அலுவலகத் தரைவிரிப்பில் அவர் முதன்முதலாகச் செத்தபோது காலை மணி பத்தரை. வேலை கேட்டு வந்திருந்தார். எங்கள் கணினி நிபுணன் கோயம்புத்தூரிலிருந்து வந்தவன்; எல்லோருக்கும் அவன் கோவைக்காரன். அவன் சோதனைக்காகச் செய்து வைத்திருந்த ஒரு காட்சியைத் திரையில் ஓட்டிக் காட்டினோம். தெருநாய்கள் விரட்டிப் பிடித்த பன்றிக்குட்டி ஒன்று முன்னங்கால்களை மடக்கி, தூக்கம் வந்ததுபோல் சாய்ந்து, கண்ணை மூடிக்கொள்ளும். எங்களுக்கு அதில் ஏகப் பெருமை.

அவர் ஒரே தடவை பார்த்தார். "இப்படிச் சாகாது" என்றார்.

எப்படிச் சாகும் என்று யாரும் கேட்கவில்லை. அவராகவே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்தார். கால்கள் வெறும் காற்றில் ஓட ஆரம்பித்தன. தாடை மேலும் கீழும் அடித்துக்கொண்டது. பல் நறநறத்தது. தொண்டைக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக் கோவைக்காரன் கோப்பியைக் கணினிமேல் கொட்டிவிட்டான். எனக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகியிருந்தது. இந்த ஆளுக்குக் கிறுக்கு என்று முடிவு கட்டிவிட்டு, அவருடைய கால்களைத் தாண்டி வாசலுக்குப் போனேன்.

சாவதை நிறுத்திவிட்டு அவர் தலையைத் தூக்கினார். "படுத்திருக்கிறவனத் தாண்டிட்டீங்க. திரும்பித் தாண்டிட்டுப் போங்க."

சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். படுத்திருப்பவரைத் தாண்டினால் அவர் வளரமாட்டார், திரும்பித் தாண்டினால் தோஷம் போய்விடும். ஐம்பத்தெட்டு வயதில், இவ்வளவு தொப்பையோடு, இனி எங்கே வளரப்போகிறாராம்? ஆனாலும் ஏதோ கூச்சத்தில் வந்த வழியே திரும்பித் தாண்டினேன். அவர் தலையைக் கீழே வைத்து, விட்ட இடத்திலிருந்து செத்து முடித்தார். மறுநாள் அவரை வேலைக்கு எடுத்தேன். எடுத்தது நான்தான். அதை யார்மேலும் தள்ளிவிட முடியாது.

எங்கள் அலுவலகம் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேல்மாடி. கீழே மல்லிகையும் சாம்பிராணியும் மணக்கும்; மேலே காடு செய்துகொண்டிருந்தோம். ஈசூன் பக்கம் ஒரு காட்டை அழித்து வீடுகள் கட்டப்போகிறார்கள். அழிப்பதற்குமுன் அதை அப்படியே கணினிக்குள் எடுத்துவைக்க வேண்டும். கணினியோடு இணைந்த ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் பள்ளிப் பிள்ளைகள் அந்தக் காட்டுக்குள் நடக்கலாம், மரத்தைச் சுற்றலாம், பன்றி குறுக்கே ஓடுவதைப் பார்க்கலாம். அதற்காகக் காடு முழுக்கக் காமிராக்களைக் கட்டியிருந்தோம். அவை பிடிக்கிற படங்கள் வந்துகொண்டே இருக்கும். கணினி அவற்றைப் பார்த்து, இது மரம், இது உடும்பு, இது பன்றி என்று புரிந்துகொண்டு, காட்டைத் தானே வரையும். எங்கள் பெரிய திரையில் ஓடியது காமிரா பிடித்த காடு அல்ல. கணினி புரிந்துகொண்டு வரைந்த காடு. இந்த வித்தியாசத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு நாங்கள் கற்றுக்கொடுத்த விதிகள் இரண்டு. மனிதர் யாராவது காமிராவில் விழுந்தால் அழித்துவிட்டு அந்த இடத்தில் இலையும் மரமும் வரைந்துவிட வேண்டும். யார் முகமும் வெளியே வரக்கூடாது என்பது ஒப்பந்தம். இன்னொன்று, அசைவதெல்லாம் உயிர், அரை நிமிடம் அசையாமல் கிடப்பதெல்லாம் நிலம். விழுந்த கிளை, சருகு, கல் எல்லாவற்றையும் நிலத்தோடு சேர்க்க இதைவிட எளிய வழி கிடையாது. இரண்டாவது விதியை எழுதச் சொன்னவள் நான்.

விலங்குகளின் நடை, ஓட்டம், கோபம் எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று சொல்லத்தான் அவர். தகுதி என்ன என்று கேட்டால், முப்பது வருடம் அவற்றைக் கொன்றவர். ஊரில் பெருகும் காக்கைகளைச் சுடும் ஒப்பந்தக்காரரிடம் இருந்திருக்கிறார். பன்றிக்குக் கூண்டு வைத்திருக்கிறார், குரங்கு பிடித்திருக்கிறார், மலைப்பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மின்தூக்கியில் இறங்கியிருக்கிறார். இதையெல்லாம் அவர் வரிசையாகச் சொன்னதில்லை. தோசையைப் பிய்க்கும்போது ஒன்று வரும், மழைக்கு ஒதுங்கும்போது ஒன்று வரும். கூண்டுக்குள் அகப்பட்ட பன்றி கம்பியில் மோதி மோதி மூக்கு பிய்ந்து தொங்குவதை, பக்கத்து இலைக்குச் சாம்பார் கேட்கிற குரலில் சொல்வார். எனக்குத்தான் சோறு இறங்காது.

அவர் குடை இல்லாமல் ஈசூன் வீட்டைவிட்டு இறங்கமாட்டார். வெயிலுக்கோ மழைக்கோ அல்ல, காக்கைக்கு. அவருடைய அடுக்குமாடி புளோக்குக் காக்கைகளுக்கு அவர் முகம் தெரியும். சுடுவதை விட்டு ஆறு வருடம் ஆன பிறகும், அவர் கீழே இறங்கினால் ஒன்று கத்தும், பத்து வரும். உச்சந்தலையில் கொத்து வாங்கிய தழும்பு மூன்று. நகராண்மையிடம் புகார் கொடுக்கலாமே என்று ஒருநாள் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் செஞ்சத அதுங்க பாத்துச்சுலா. பாத்தவங்க சும்மா இருப்பாங்களா?" என்றார்.

பார்ப்பது, அதுதான் அந்த மனிதர். ஒரு உயிர் போகிறது என்றால் கடைசிவரை பார்க்க வேண்டும், கண்ணை எடுக்கக்கூடாது. கொன்ற காலத்திலும் அப்படித்தானாம். சுட்டுவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு போகிறவனோடு அடுத்த நாள் வேலைக்குப் போகமாட்டாராம். கால்வாய் ஓரத்தில் இரண்டு நீர்நாய்க் குடும்பங்கள் சண்டை போட்ட படம் ஒன்று எங்களிடம் இருந்தது. ஊரே செல்லம் கொஞ்சுகிற நீர்நாய்கள், எதிரிக் குட்டியைத் தண்ணீருக்குள் இழுத்து, ஆளுக்கொரு பக்கம் கடித்து, முகமே இல்லாமல் செய்துவிட்டன. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். அவர் என்னைக் கூப்பிட்டார். "இன்னும் முடியல. வந்து பாருங்க."

பாருங்கள் என்று சொல்வதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் மலைப்பாம்பு ஒரு பூனையை இறுக்கும் காட்சியைக் கோவைக்காரன் வேகமாக ஓட்டிவிட்டான். பாம்பின் வாய் தெரிந்தால் போதும் என்று நினைத்திருக்கிறான். அவர் பின்னாலிருந்து அவன் பிடரியைப் பிடித்து, மூக்கு திரையில் நசுங்கும்படி அழுத்திக்கொண்டார். "இன்னும் முடியலடா. பாரு." நாற்காலி கவிழ்ந்தது. பூனையின் வால் நின்றுபோகும்வரை பிடியை விடவில்லை. கோவைக்காரன் உதடு கிழிந்து, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, ஊருக்கே போகிறேன் என்று பையைத் தூக்கினான். அவனைச் சமாதானம் செய்து, அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கொடுத்தது சரிதான் தங்கச்சி" என்றார். எனக்கு அவரிடம் பயம் வந்தது அன்றுதான். பிடிக்கவும் செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்னோடு அவர் மல்லுக்கு நின்றது ஒரே ஒரு விஷயத்துக்கு. அதற்குக் காரணம் ஒரு குரங்குக் குட்டி.

பதினான்காம் காமிராவில் வந்தது அது. தாயின் வயிற்றிலிருந்து குட்டியைப் பிடுங்கிய மலைப்பாம்பை மற்றக் குரங்குகள் கூட்டமாகச் சேர்ந்து கடித்துக் குதறின. பாம்பு பிடியை விட்டுவிட்டுப் போனது. ஆனால் குட்டியின் விலா நொறுங்கியிருந்தது. அது தரையில் கிடந்தது. தாய் அதன் கையைத் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தது. அரை நிமிடம் ஆனதும் கணினி தன் விதிப்படி செய்தது. எங்கள் பெரிய திரையில் குட்டி காணாமல் போனது. அந்த இடத்தில் சருகு மூடிய ஒரு சின்ன மேடு. தாய்க்குரங்கு அந்த மேட்டைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவர் அடித்த அடியில் விசைப்பலகையின் எழுத்துகள் சிதறி நகைக்கடை மாடிப்படிவரை போயின.

"அது குரங்கும்மா. மண்ணு இல்ல."

விதியை மாற்றினால் கணினிக்கு எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொடுக்க மூன்று வாரம் ஆகும் என்றேன். காட்டை வெட்டும் தேதி குறித்தாகிவிட்டது என்றேன். காசு கொடுப்பவர்கள் பிள்ளைகளுக்கு ரத்தமே வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள் என்றேன். எல்லாமே உண்மைதான். அவர் நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பிள்ளைங்க பாக்க வேணாம். கம்ப்யூட்டராவது பாக்கட்டும்லா. செத்தது ஒண்ணு அங்க கெடந்துச்சுன்னு அதுக்காவது தெரியட்டும்."

"அண்ணே, அசையலன்னா அது நிலம். ரூல் அவ்வளவுதான்" என்றேன்.

வேறு மாதிரியும் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு எரிச்சல்.

அதற்குப் பிறகு அதை ஒரு கேலியாக்கிவிட்டார். நான் யோசித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் போதும், கையை என் கண்முன் ஆட்டுவார். "அசைங்க மேடம், மண்ணாயிடப் போறீங்க." கோவைக்காரன் மதியம் மேசையில் தலைவைத்துத் தூங்கினால், அவனுக்கும் அதே கையாட்டல். அவனும் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். ஐந்து விரலையும் விரித்து, மணிக்கட்டை மட்டும் திருப்பித் திருப்பி ஆட்டுவார்.

வாரம் இரண்டு தடவை அவர் காட்டுக்குப் போவார். காமிராக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், கறையானைத் தட்ட வேண்டும். யாரோ திருட்டுத்தனமாகக் கம்பிக் கண்ணி வைத்துவிட்டுப் போவார்கள். அதைத் தேடி அறுப்பதை அவரே சேர்த்துக்கொண்டார். துணைக்குக் கோவைக்காரன் போக வேண்டும், தனியாகப் போகக்கூடாது. அந்தப் புதன்கிழமை கோவைக்காரனை நான் நிறுத்திவைத்துக்கொண்டேன். மூன்றரைக்குக் காசு கொடுப்பவர்களோடு காணொளிக் கூட்டம், பெரிய திரையை அவர்களுக்குக் காட்ட வேண்டும், ஏதாவது கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் வேண்டும். "நான் என்ன புதுசாவா போறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார்.

கூட்டத்தில் எங்கள் நிறுவன இயக்குநரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நேர்த்தியான மனிதர், மடிப்புக் கலையாத சட்டை. பதினான்காம் காமிரா நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. பெரிய ஆண் பன்றி ஒன்று ஒரே இடத்தில் நின்று பாய்ந்து பாய்ந்து விழுந்தது. பின்கால் ஏதோ ஒன்றில் மாட்டியிருந்தது. ரத்தம் தெரிந்தது. அய்யோ, இதைப் போய்க் காட்டுகிறோமே என்று எனக்கு வேர்த்தது. திடீரென்று பன்றி விடுபட்டது. ஓடாமல் திரும்பி, தலையைத் தாழ்த்தி, வெறும் காற்றைக் குத்தித் தூக்கியது. அந்த இடத்தில் இலைகளையும் மரத்தையும் தவிர ஒன்றும் இல்லை. பிறகு ஓடிவிட்டது. ஏதோ கோளாறு என்று நான் சிரித்து மழுப்பினேன். இயக்குநர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

கொஞ்ச நேரத்தில் தரையோரம் ஒரு சின்னக் கட்டம் தோன்றியது. எதையாவது கண்டால் கணினி அதைச் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் எழுதும். "பறவை, உறுதியில்லை" என்று எழுதியிருந்தது. கட்டத்துக்குள் எதுவும் தெளிவாக இல்லை, ஏதோ துடித்தது. உறுதியில்லாதவற்றை நீக்கும் அதிகாரம் என் கையில். சுட்டியால் ஒரு தட்டு, நீக்கினேன். மறுபடியும் வந்தது. நீக்கினேன். காசு கொடுப்பவர்களில் ஒரு அம்மா அது என்ன பறவை என்று ஆசையாகக் கேட்டார். ஒன்றுமில்லை, இலை அசைகிறது என்று சொல்லி மூன்றாவது தடவையும் நீக்கினேன். அதற்குப் பிறகு அது வரவில்லை.

ஐந்தரைக்கும் அவர் திரும்பவில்லை, கைப்பேசியையும் எடுக்கவில்லை. கோவைக்காரன் காமிரா பிடித்த மூலப் படத்தைத் திறந்தான். பன்றி காற்றைக் குத்திய அந்த நேரத்தைத்தான் முதலில் தேடினான். என்னைக் கூப்பிடவில்லை. அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிய சத்தம் கேட்டுத்தான் நான் போனேன்.

டாக்சியிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் மல்லாந்து கிடந்தார். தொடையின் உட்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் திறந்திருந்தது. இடுப்புவாரைக் கழற்றிக் கட்டப் பார்த்திருக்கிறார். ரத்தத்தில் வழுக்கிப் பாதியில் நின்றுவிட்டது. சுற்றிலும் மண் ஊறிக் கறுத்திருந்தது. எறும்புகள் வந்துவிட்டன. உடும்பு ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு ஐந்தடியில் நின்றது. கோவைக்காரன் அதைக் கல்லால் அடித்தான், அது போன பிறகும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தான். கைப்பேசி இருந்த பை, நனையாமலிருக்கக் கிளையில் மாட்டியபடியே தொங்கியது. பக்கத்தில் குடை. அறுந்த கம்பிக் கண்ணி அவர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. முப்பது வருடம் பன்றியைக் கொன்றவர் ஒன்றை அவிழ்த்துவிடப் போய்ச் செத்தார்.

போலீஸ் மூலப் படத்தை வாங்கிக்கொண்டு போனது. அதற்குமுன் நான் அதை முழுக்கப் பார்த்தேன். பார்க்க வேண்டாம் என்று கோவைக்காரன் கெஞ்சினான். அவர் நடந்து வருகிறார், பையை மாட்டுகிறார், கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுக்கிறார். பன்றியிடம் ஏதோ சொல்லிக்கொண்டே கம்பியை அறுக்கிறார். நின்றிருந்தவரை அவர் மனிதர் என்று கணினிக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் ஒழுங்காக அழித்திருக்கிறது. விழுந்து கிடந்தவரை அதற்கு யாரென்றே தெரியவில்லை. கிடக்கும் மனிதரை நாங்கள் அதற்குக் காட்டியதே இல்லை.

குத்துப்பட்டதும் அவர் கத்தினார். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்ததுதான், எங்கள் தரைவிரிப்பில் கேட்டது. கால்கள் காற்றில் ஓடின. பல் நறநறத்தது. பிறகு தலையைத் திருப்பி மரத்திலிருந்த காமிராவைப் பார்த்தார். வலது கையைத் தூக்கினார். ஐந்து விரலையும் விரித்து, மணிக்கட்டை மட்டும் திருப்பித் திருப்பி ஆட்டினார்.

பதினொரு நிமிடம் ஆட்டினார். கை விழும். கணினி அரை நிமிடம் எண்ணத் தொடங்கும். அது அவருக்குத் தெரியும். மறுபடி தூக்குவார். நான் நீக்கிய மூன்று கட்டமும் அந்தக் கை. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நம்பியிருக்கிறார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியாக விழுந்த கை அசையவில்லை. அதற்குப் பிறகும் நான் படத்தை நிறுத்தவில்லை, முடியும்வரை பார்த்தேன்.

காட்டை வெட்டினார்கள். இப்போது அங்கே இரும்புக் கம்பிகள் நிற்கின்றன. எங்கள் காடு மட்டும் முழுதாகத் தயாரானது. மூன்று வாரம் கேட்டு, விதியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கிடைக்கவில்லை. ஒப்படைப்பதற்குமுன் கோவைக்காரன் என்னைக் கூப்பிட்டு ஓரிடத்தைக் காட்டினான். பதினான்காம் காமிரா இருந்த மரத்தடி, அந்தப் புதன்கிழமை வரையப்பட்ட தரை. சருகு மூடி ஒரு மேடு. ஆள் நீளம். ஒரு பக்கம் கொஞ்சம் அகன்று, ஒரு கிளைபோல் வலப்பக்கம் நீண்டிருந்தது.

"மட்டமாக்கிடட்டுமாக்கா?" என்றான்.

வேண்டாம் என்றேன். அதை யாரிடமும் சொல்லவும் வேண்டாம் என்றேன்.

எங்கள் கணினிக் காட்டின் திறப்பு நாளன்று கூடம் நிறைய ஆட்கள். முதலில் கண்ணாடி மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போனவர் இயக்குநர். அவர் போகும் வழி பக்கத்துத் திரையில் எல்லோருக்கும் தெரிந்தது. வெறும் கூடத்தில் கைகளை வீசி நடந்தார், குனிந்து கிளைக்கு வழிவிட்டார், பன்றி குறுக்கே ஓடியதும் சிரித்தார். மேடு வந்தது. வேர் என்று நினைத்திருப்பார். பளபளக்கும் சப்பாத்துக் காலைத் தூக்கி வைத்துத் தாண்டினார்.

"சார், நில்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. கூடமே திரும்பிப் பார்த்தது. கோவைக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏதாவது கோளாறா என்று கேட்டார் இயக்குநர், கண்ணாடியைக் கழற்றாமலே.

"கோளாறு இல்ல சார். திரும்பித் தாண்டிட்டு வாங்க."

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவ்வளவு பேர் முன்னால் வேறென்ன செய்வார்? திரும்பினார், சப்பாத்தைத் தூக்கினார், அவரைத் தாண்டி வந்த பக்கமே வந்து நின்றார்.